மாடு தின்னாத பூமரம்

மிதுலாவின் உதட்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

உடுப்புக் காயப்போட முற்றத்துக்கு வந்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். காணி எல்லையோரத்தில் நின்ற மஞ்சள் அலரி மரத்தின் கீழே என் மகள் சப்பாணி கட்டி இருந்தாள். மூன்று வயது முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது அவளுக்கு. முன்னால் சிரட்டைகள், ஒரு கல்லு, கல்லால் குத்தி உடைத்த பச்சை அலரிக் காய்கள். காய்களிலிருந்து வடிந்த பால் கல்லெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது.

“மிது, வாயில என்னம்மா?”

நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பல்லிலும் வெள்ளை.

கையிலிருந்த ஈர உடுப்புகளை எங்கே போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். விரலை விட்டு வாயைத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. விழுங்கிவிட்டாளா, துப்பிவிட்டாளா? தோளில் கிடந்த துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தேன். நான் துடைத்த வேகத்தில் பயந்துபோய் அலறத் தொடங்கினாள்.

கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த என் கணவர் ரவி ஈரச் சாரத்தோடு ஓடி வந்தார். நான் மரத்தைக் காட்டினேன். அவர் கொடியில் கிடந்த சேட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

எங்கள் ஒழுங்கையில் இருந்து ஏ9 வீதிக்கு ஏறும் வரை குண்டும் குழியும்தான். மிதுலாவை நடுவில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் அழுதுகொண்டே வந்தாள். அழுகை குறைந்த போதெல்லாம் தொடையில் மெதுவாகக் கிள்ளினேன். அழுதால் உசாராக இருக்கிறாள் என்று அர்த்தம். ரவியின் முதுகு நனைந்திருந்தது. குளித்த தண்ணீரா, வியர்வையா தெரியவில்லை. சவர்க்கார வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஏன் அது அங்கே நின்றது

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு முன் அந்த மரத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், ‘சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அலரியை ஏன் விட்டுவைத்தாய்?’ என்று கேட்பீர்கள். அன்று என்னைக் கண்டவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

மஞ்சள் அலரிக் கொட்டையைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அதைத் தின்று செத்தவர்களின் கதை இல்லாத ஊர் இங்கே இல்லை. எனக்கும் அது தெரியும்.

எங்கள் காணி மாங்குளத்துக்குக் கொஞ்சம் தெற்கே, வீதியிலிருந்து உள்ளே இறங்கிப் போகும் இடத்தில் இருக்கிறது. ரவியின் தகப்பனாருடைய காணி. பல வருஷம் ஆளில்லாமல் காடேறிக் கிடந்தது. அதற்குள் நாங்கள் திரும்பவும் கால் வைத்த நாளில் அடையாளம் சொல்ல மிஞ்சியிருந்தது இடிந்த சுவரில் ஒரு துண்டும் இந்த அலரியும்தான். தண்ணீர் ஊற்ற ஆளில்லை, பார்க்க ஆளில்லை. அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதை வெட்ட எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

பிள்ளை பிறந்த பிறகு தாழ்ந்த கொப்புகளை ரவி வெட்டிவிட்டார். விழுந்து கிடக்கும் காய்களைக் காலையில் நான் கூட்டி அள்ளிவிடுவேன். அன்று காலையில் நான் கூட்டி முடித்த பிறகு காற்று அடித்து, காய்கள் திரும்பவும் விழுந்திருந்தன.

வெறும் முற்றம்

காணிக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாளில் எங்கள் கிணற்றில் தண்ணீர் கண்டோம். தண்ணீர் வந்ததும் ரவி கத்தரியும் மிளகாயும் வைப்போம் என்றார். நான் பூக்கண்டு வைப்போம் என்றேன். வாடகை வீடு, சொந்தக்காரர் வீடு, தகரக் கொட்டில் என்று இருந்தவளுக்குச் சொந்த முற்றத்தில் பூப் பார்க்க வேண்டும் என்பது அவ்வளவு பெரிய ஆசையா? எனக்கு அது பெரிய ஆசைதான்.

அப்போது நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை பார்த்தேன். சம்பளம் எடுத்த கையோடு வவுனியாவுக்குப் பஸ் ஏறி ரோசாக் கண்டுகள் வாங்கி வந்தேன். மடியில் வைத்துக்கொண்டு ஓமந்தை தாண்டும்போது பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பெருமையாக நிறம் சொன்னேன். நட்டுக் கொஞ்ச நாளில் முதல் மொட்டு வந்தது. அது விரியும் என்று பார்த்திருந்த காலையில் முற்றத்தில், கட்டிப்போட ஆளில்லாமல் அலையும் ஒரு கட்டாக்காலி மாடு நின்றது. முள்ளோடு, தண்டோடு ரோசாவைத் தின்று முடித்துவிட்டு, என்னை ஆறுதலாகத் திரும்பிப் பார்த்தது.

பிறகு மல்லிகை. அதை ஆடு முடித்தது. செவ்வரத்தை என்கிற செம்பருத்தியின் மொட்டுகளைக் குரங்குகள் பிய்த்தன, மிச்சத்தை மாடு தின்றது. தெரிந்தவர் வீட்டில் இருந்து ஆசையாகக் கொண்டுவந்த அந்தூரியத்தை மாடும் தின்னவில்லை, ஆடும் தின்னவில்லை. அது தானாகவே செத்தது. எங்கள் வெக்கைக்கு அதன் இலை விளிம்பு முதலில் கருகும், பிறகு நடுவில் ஓட்டை விழும், பிறகு சாடியில் குச்சி மட்டும் நிற்கும்.

வேலி அடைக்க வசதியில்லாத காலம். ஆகவே பூக்கண்டுக் கடைக்குப் போனால் நிறம் கேட்பதை விட்டேன், வாசம் கேட்பதை விட்டேன். கேட்டது ஒரே கேள்விதான்.

“இதை மாடு தின்னுமோ?”

“தின்னாது அக்கா, வாய் வைக்காது” என்றால் வாங்கினேன். இப்படியே தேமா வந்தது. செவ்வலரி வந்தது. பட்டிப்பூ வந்தது. எல்லை நீளத்துக்குக் குரோட்டன் வந்தது. நந்தியாவட்டை வந்தது. ஒன்றையும் மாடு தொடவில்லை. வெயில் காலத்தில் அடிக்கும் சோளகக் காற்றிலும் எல்லாம் வாடாமல் நின்றன. ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு முற்றம் நிறைந்தது. எனக்குக் கெட்டித்தனம் வந்துவிட்டது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் டேலியா

இந்த விஷயத்தில் என் அம்மாவுக்கு நடந்ததை இடையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவும் அப்பாவும் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். ஒரு கலவரத்துக்குப் பிறகு, நான் பிறப்பதற்கு முன்னரே, வன்னிக்கு வந்தார்கள். வரும்போது அம்மா சேலைத் துண்டில் டேலியாக் கிழங்கு முடிந்து கொண்டுவந்தாராம். துரை பங்களாவில் தட்டு அகலத்துக்குப் பூக்கும் டேலியா. பாத்திரம் பண்டத்தை விட்டுவிட்டு யாராவது பூக்கிழங்கைக் கொண்டு வருவார்களா என்று அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

குடிசைக்கு முன்னால் நட்டார். முளைத்தது. ஒரு முழம் வளர்ந்தது. சித்திரை வெயிலில் தலையைத் தொங்கப் போட்டது. அம்மா தன் சேலையையே பந்தலாகக் கட்டினார். பிறகு காற்றுத் தொடங்கியது. சேலை கிழிந்தது, செடி கருகியது.

“குளுருல பொறந்தத கொண்டாந்து அடுப்புல நட்டேன்டி” என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். நான் கேட்கும் காலத்தில் அவருக்கு அது சிரிப்புக் கதையாகியிருந்தது. அப்போது அவர் கொண்டை நிறையக் கனகாம்பரம் வைத்திருப்பார். அது எங்கள் குளியல் தண்ணீர் ஓடும் கானோரத்தில் தானாகப் பரவிய கனகாம்பரம். வெயில் ஏற ஏற அதற்கு நிறம் கூடும்.

இந்த மண்ணுக்கு எது சரி என்று கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் எதையாவது சாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அன்று காலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது எனக்கு இந்த நினைப்பு வந்திருந்தால் வாய்விட்டே அழுதிருப்பேன். நல்ல காலம், வரவில்லை.

பிள்ளைகள் வாட்டில்

ஆஸ்பத்திரியில் எங்களை வரிசையில் நிற்க வைக்கவில்லை. ‘அலரி’ என்ற சொல்லைக் கேட்டதும் நேர்ஸ் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். டொக்டர் இளம் பெண். என்னைவிட வயது குறைவாக இருக்கும்.

“எவ்வளவு சாப்பிட்டவ?”

“தெரியேல்ல டொக்டர்.”

“கொட்டையோ, பூவோ, இலையோ?”

“தெரியேல்ல. வாயெல்லாம் பால் பால்போல இருந்தது.”

“சத்தி, வாந்தி ஏதும் எடுத்தவவோ?”

“இல்லை.”

மிதுலாவின் நெஞ்சில் சின்னச் சின்ன வட்டங்களாக ஒட்டினார்கள். அவற்றிலிருந்து வயர்கள் போயின. பக்கத்தில் இருந்த பெட்டியில் பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. கரித்தூளைத் தண்ணீரில் கரைத்ததுபோல ஒரு கறுப்பு மருந்தைக் கோப்பையில் கொண்டுவந்து குடிக்கக் கொடுத்தார்கள். பாதி வாய்க்குள் போனது, பாதி என் உடுப்பில் ஊற்றுண்டது. கொஞ்ச நேரத்துக்கு முன் வெள்ளையாக இருந்த உதடு இப்போது கறுப்பாக இருந்தது.

டொக்டர் அவளிடமே கேட்டுப் பார்த்தார்.

“அம்மாச்சி, அந்தக் காயைத் திண்டனீங்களோ?”

மிதுலா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் கேட்டேன். ரவி கேட்டார். நான் துடைத்த துடைப்பில் பயந்தவள், தான் ஏதோ பெரிய குழப்படி செய்துவிட்டதாக நினைத்துப் பூட்டிக்கொண்டுவிட்டாள்.

டொக்டர் ரவியின் பக்கம் திரும்பினார்.

“வீட்டை போய், முற்றத்தில நிக்கிற எல்லாப் பூமரத்திலயும் ஒவ்வொரு கொப்பு முறிச்சுக்கொண்டு வாங்கோ. பிள்ளை இருந்த இடத்தில கிடக்கிறது ஒண்டும் விடாமப் பொறுக்கிக்கொண்டு வாங்கோ. வேறை எதையும் திண்டிருந்தால் அதையும் நாங்கள் பாக்க வேணும்.”

ரவி போனார். நான் கட்டில் விளிம்பில் இருந்து பச்சைக் கோட்டைப் பார்த்தேன். எனக்கு அது விளங்காது. ஆனாலும் அது ஒவ்வொரு தரம் மேலே எழும்பி இறங்கும்போதும் என் மூச்சும் அதனோடு எழும்பி இறங்கியது. கோடு கொஞ்சம் தாமதிப்பதுபோலத் தோன்றினால் நேர்ஸைக் கூப்பிட்டேன். அவர் அலுக்காமல் ஒவ்வொரு முறையும் வந்தார்.

அடுத்த கட்டிலில் காய்ச்சலோடு ஒரு குழந்தை. அதன் தாய் ருஸானா, முல்லைத்தீவுப் பக்கத்துக்காரி. குடும்பம் முல்லைத்தீவை விட்டு வெளியேற்றப்பட்ட பிறகு புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணம் முடித்து, வாப்பாவின் பழைய காணிக்குத் திரும்பி வந்திருப்பவர். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது அவர் எழும்பி வந்து, தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை என் கையில் வைத்தார்.

“குடிங்க தங்கச்சி. நீங்க விழுந்தா புள்ளைய யாரு பாக்கிறது?”

ஒரே மூச்சில் பாதிப் போத்தலைக் குடித்தேன்.

உரப் பையோடு வந்தவர்

ரவி திரும்பி வந்தபோது முதுகில் ஒரு உரப் பை இருந்தது. வாட்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டொக்டர் ஒரு மேசையைக் காட்ட, ரவி பையைக் கவிழ்த்தார். எங்கள் முற்றம் முழுக்க அதில் விழுந்தது.

டொக்டரும் நேர்ஸும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள்.

“மஞ்சள் அலரி. இது செவ்வலரி, இதுவும் நஞ்சுதான். இது பட்டிப்பூ. இதையும் பிள்ளையள் வாயில வைக்கக் கூடாது. குரோட்டன், பால் பட்டாலே தோல் கடிக்கும். தேமாவும் அப்படித்தான். நந்தியாவட்டையும் பால் வடியிற சாதி...” டொக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “உங்கட முற்றத்தில நல்லது எண்டு ஒண்டும் இல்லையோ அம்மா?”

“மாடு தின்னாததாப் பாத்து வச்சனான், டொக்டர்.”

சொல்லி முடிக்கும்போதுதான் நான் சொன்னது எனக்கே விளங்கியது. மாடு ஏன் தின்னாது என்று ஒரு நாளாவது நான் கேட்டதில்லை.

ரவி ஒரு சொப்பிங் பையை வெளியே எடுத்தார். பிள்ளை இருந்த இடத்தில் பொறுக்கியது. உடைந்த காய்கள், சிரட்டைகள், மண். அதற்குள் மிதுலாவின் பிளாஸ்ரிக் பொம்மையும் இருந்தது. பால் போத்தல் வைக்க வாயில் ஓட்டை உள்ள பொம்மை.

“வீட்டுக்குள்ள போனால் குசினியெல்லாம் ஒரே எறும்பு” என்றார் ரவி என்னிடம். களைத்துப் போய், என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்ன பேச்சு அது. “பால்மாப் பேணியைத் திறந்தபடி விட்டிட்டு வந்திட்டாய். முற்றம் வரைக்கும் மா கொட்டிக் கிடக்கு.”

“நான் இண்டைக்குப் பால்மாப் பேணியைத் தொடவேயில்லை” என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

கட்டிலில் துவாய் கிடந்தது. காலையில் அவளுடைய முகத்தைத் துடைத்த அதே துவாய். எடுத்துப் பார்த்தேன். வெள்ளை காய்ந்து பொருக்காகியிருந்தது. விரலால் உரசினேன், உதிர்ந்தது. மணந்து பார்த்தேன். என் மூக்கை நான் நம்பவில்லை. ருஸானாவிடம் நீட்டினேன். அவர் ஒரு தரம்தான் மணந்தார்.

“பால்மா” என்றார். பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்கும் அதே பால்தூள். “எங்கட வீட்டுக் கள்ளனும் இப்பிடித்தான். பேணிக்குள்ள தலைய விட்டு எடுப்பான்.”

டொக்டர் இதற்குள் பொம்மையைக் கையில் எடுத்திருந்தார். அதன் வாய் ஓட்டைக்குள் ஏதோ அடைத்திருந்தது. சின்ன இடுக்கியால் கிளறி எடுத்து வெள்ளைத் துணியில் போட்டார். நசுங்கிய அலரிப் பருப்பு. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு துண்டு துண்டாக. பொம்மையின் வயிறு வரை போயிருந்தது. உடைத்த காய்களுக்கு அருகில் வைத்து நேரம் எடுத்துப் பொருத்திப் பார்த்தார்.

பொம்மையைக் கண்டதும் மிதுலாவின் வாய் திறந்தது.

“பேபிக்குச் சோறு தீத்தினனான்.”

“பேபிக்குத் தீத்தினனீங்களோ? அப்ப நீங்கள்?” என்று கேட்டார் டொக்டர்.

“நான் மா திண்டனான்.” என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “கொஞ்சமா.”

ரவி நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டார். தலையைக் கைகளால் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்து நான் தோளைத் தொட்டேன். நிமிர்ந்தார், சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

டொக்டர் மட்டும் அவசரப்படவில்லை. “சந்தோசம்தான். ஆனால் கையை நக்கியிருக்கலாம், ஒரு துண்டு வாயில வச்சிருக்கலாம். நாளைக்குக் காலமை வரைக்கும் வச்சுப் பாத்திட்டுத்தான் விடுவன்.” எனக்கு அது கோபமாக இல்லை. அவர் அப்படிச் சொன்னது பிடித்திருந்தது.

வாட்டில் நடந்த பூப் பேச்சு

அன்று பின்னேரம் அந்த வாட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். பயம் போன பிறகு எனக்குப் பேச வேண்டும்போல் இருந்தது. உரப் பையைக் கண்டவர்களுக்கும் பேச வேண்டும்போல் இருந்தது. வாட்டில் இருந்த தாய்மார் அத்தனை பேரும் என் முற்றத்துக்குக் கண்டு தெரிவு செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

“எக்ஸோரா வையுங்கோ. தண்ணி இல்லாட்டியும் நிக்கும். நாங்கள் சின்னனில அதின்ர தேனை உறிஞ்சினனாங்கள், பழமும் திண்டனாங்கள்” என்றார் ஒருவர்.

“செவ்வரத்தையை விட்டால் என்ன பூ இருக்கு?” என்றார் மற்றவர். “தலைக்கும் வைக்கலாம், சாமிக்கும் வைக்கலாம், அவிச்சுக் குடிக்கவும் செய்யலாம்.”

“போகன்விலா முள்ளு. ஆனால் நஞ்சில்லை எல்லே?” என்று ஒருவர் நேர்ஸைப் பார்த்துக் கேட்க, நேர்ஸ் தன் வீட்டுப் போகன்விலா இரண்டு நிறத்தில் பூப்பதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

ருஸானா மருதோண்டிக்கு வக்காலத்து வாங்கினார். “வேலிக்கு அதுதான் தங்கச்சி. எங்கட மண்ணு உப்பு, களப்புக் காத்து வேற. அதுலயே நிக்குது. பூ சின்னன், ஆனா அந்தி நேரம் வாசம் ஒழுங்கை முழுக்க அடிக்கும். பெருநாளுக்குக் கைக்கும் வைக்கலாம். நான் தடி வெட்டி பஸ்ஸில குடுத்தனுப்புறன்.”

“மாடு?” என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மிதுலாவும் காரணம் தெரியாமல் கறுத்த வாயோடு சிரித்தாள்.

மறுநாள் காலையில் டொக்டர் கடைசியாக ஒரு முறை ஈசிஜி எடுத்துப் பார்த்தார். கடுதாசியை நீளமாக விரித்து வைத்துக்கொண்டு, “நல்ல வடிவா இருக்கு” என்றார். அந்தக் கோட்டைப் போல வடிவான எதையும் நானும் அதுவரை பார்த்ததில்லை.

கடைக்காரர் முழித்த முழி

வீட்டுக்குப் போகும் வழியில் வீதியோரப் பூக்கண்டுக் கடையில் ரவியை நிறுத்தச் சொன்னேன். கடைக்காரர் என்னைத் தெரிந்தவர்.

“வாங்கோ தங்கச்சி. மாடு தின்னாத கண்டு புதுசா வந்திருக்கு.”

“வேண்டாம் அண்ணை. மாடு தின்னுற கண்டாப் பாத்துத் தாங்கோ.”

அவர் ரவியைப் பார்த்தார். ரவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு மிதுலாவின் தலையைத் தடவினார். பிறகு ஒவ்வொரு சாடியாகத் தூக்கி, “இது ஆடும் தின்னும், மாடும் தின்னும், குரங்கும் விடாது” என்று சொல்லிச் சொல்லி எடுத்து வைத்தார். அந்தப் பூக்கண்டுகளுக்கு இதற்கு முன் யாரும் அப்படி விளம்பரம் செய்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அன்றே நடவில்லை. முதலில் வேலி. ரவி வயரிங் வேலை செய்பவர், கைவேலை நேர்த்தி. கட்டை நட்டு, கம்பி இழுத்து, இடைவெளிக்குப் பனைமட்டை கட்டி முடிக்க மாரி தொடங்கும் நேரமாகிவிட்டது. அது நல்லதாகவே போயிற்று. எங்கள் பக்கத்தில் கண்டு நட மாரியைவிட நல்ல காலம் இல்லை. வேர் பிடித்து நிமிர்ந்த பிறகுதான் வெயில் வரும். அப்போதும் அடியில் வைக்கோல் பரப்பி, பின்னேரம் தண்ணீர் ஊற்றினால் சமாளித்துக்கொள்ளும்.

அலரியை வேலி தொடங்குவதற்கு முன்பே ரவி கோடாலியால் தறித்தார். கொப்புகளை எரிக்கவில்லை. புகையும் கூடாது என்று நேர்ஸ் சொல்லியிருந்தார். ஆழமாகக் குழி வெட்டித் தாட்டோம். மரம் விழும்போது எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது உண்மைதான். நாங்கள் இல்லாத காலம் முழுக்க அந்தக் காணியில் தனியாகப் பூத்தது அது. அதற்குப் பிள்ளைகளோடு பழக்கமில்லை, அவ்வளவுதான். செவ்வலரியும் மற்றவையும் அதன் பின்னால் போயின.

காலை வெயில் விழும் பக்கம் செவ்வரத்தை. நாள் முழுக்க வெயில் காயும் கிரவல் மண் பக்கம் எக்ஸோரா. கிணற்றுக் கானோரம் மல்லிகையும் கனகாம்பரமும். வேலி நீளத்துக்கு மருதோண்டி. ருஸானா சொன்னபடி ஈரச் சாக்கில் சுற்றி முல்லைத்தீவு பஸ்ஸில் அனுப்பியிருந்தார். கொண்டக்டர் அதை இறக்கித் தரும்போது, “என்ன அக்கா, விறகோ?” என்று கேட்டார்.

யன்னல்

பயம் மட்டும் மரத்தோடு போகவில்லை. மிதுலா முற்றத்தில் விளையாடும்போது குசினி யன்னலால் எட்டி எட்டிப் பார்ப்பேன். சோறு வடிப்பதற்குள் ஒரு தரம், கறி தாளிப்பதற்குள் ஒரு தரம். சத்தம் கேட்காவிட்டால் அகப்பையோடு வெளியே ஓடுவேன். “இவளுக்கு விசர்” என்று ரவி சொல்லுவார். ஆனால் அவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே முற்றத்தைப் பார்ப்பார்.

மாரி விட்டு, தைப் பனியும் போன பிறகு ஒரு காலை. தேங்காய் திருவினேன், சம்பல் இடித்தேன், அடுப்பில் இருந்து பிட்டை இறக்கினேன், பாத்திரம் கழுவினேன். கையைத் துடைக்கும்போதுதான் திடுக்கிட்டேன். இவ்வளவு நேரமும் நான் யன்னல் பக்கம் திரும்பவேயில்லை. மறந்துபோயிருந்தேன்.

வெளியே வந்தேன். ஓடவில்லை, நடந்துதான் வந்தேன். அவள் படியில் இருந்தாள். மடியில் பெரிய சிவப்புச் செவ்வரத்தை. ஒவ்வொரு இதழாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இதைத் தின்னட்டோ?”

“தின்னம்மா.”

ஒரு இதழை மென்று பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்ததை எனக்கு நீட்டினாள். வாங்கி வாயில் போட்டேன். வழுவழுப்பாக இருந்தது, ருசியென்று சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்குப் பக்கத்தில் படியில் இருந்து, இதழ் இதழாக, இரண்டு பேருமாக அந்தப் பூவைத் தின்று முடித்தோம்.